டிவியில ரேஸ் வரல தம்பி

"இதுல என்னடா இருக்கு? நாலு மணி நேரம் இடது பக்கமாவே வண்டியைத் திருப்பிக்கிட்டு இருப்பானுங்க. அதையும் ஒருத்தன் உக்காந்து பார்ப்பானா?"

நாஸ்கார்னு பேச்செடுத்தா நம்ம பசங்க சொல்ற முதல் வசனம் இதுதான். நானும் சொன்னவன்தான், அதனால யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன் :-)

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. வெளியில பார்த்தா கடையில விக்கிற கார் மாதிரி இருக்கும், உள்ளே முழுக்க பந்தயத்துக்குன்னே கட்டின வண்டி. பெரும்பாலும் நீள்வட்டத் தடம். 1948-ல பில் ஃபிரான்ஸ் ஆரம்பிச்ச அமைப்பு. அமெரிக்காவோட தென்பகுதியில கள்ளச்சாராயம் ஏத்திக்கிட்டுப் போலீசுக்கு டிமிக்கி கொடுத்து ஓட்டிப் பழகினவங்க சிலரும் சேர்ந்து வளர்த்த விளையாட்டு. ஜூனியர் ஜான்சன்னு ஒரு பெரிய ஓட்டுநர் சாராய வழக்குல ஜெயிலுக்கே போய் வந்தவர். 1986-ல ரீகன் அவருக்கு மன்னிப்பு கொடுத்தார். அப்படி ஒரு பூர்வீகம்.

இந்த விளையாட்டு தேஞ்சுக்கிட்டே வருதுன்னு இங்க உள்ளவங்களுக்கு ஒரு பெரிய வருத்தம். கோயமுத்தூர்க்காரன் எனக்கும் அந்த வருத்தம் எப்படி ஒட்டிக்கிச்சுன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

எங்க ஊருக்கும் நாஸ்காருக்கும் ஏற்கெனவே ஒரு சின்னத் தொடர்பு உண்டு. நம்ம நரேன் கார்த்திகேயன் 2010-ல நாஸ்காரோட டிரக் தொடர்ல ஓட்டினார். முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில், 13-வது இடம். அப்போ நான் ஸ்கூல் பையன், ஒண்ணும் தெரியாது. பன்னெண்டு வருஷம் கழிச்சு, 2022 அக்டோபர்ல, சென்னையில ராத்திரி ஷிஃப்ட்ல பொட்டி தட்டிக்கிட்டு இருந்தப்ப டீம்ல ஒருத்தன் ஒரு வீடியோவை அனுப்பினான். அதே மார்ட்டின்ஸ்வில். கடைசிச் சுத்து, கடைசி வளைவு. ராஸ் சாஸ்டெய்ன்னு ஒரு ஆள் பிரேக்கே பிடிக்காம வண்டியைச் சுவத்துல சாத்தி, சுவத்தை ஒட்டியே உரசிக்கிட்டுப் போய் அஞ்சு வண்டியைத் தாண்டிட்டார். அந்த ஒரு வளைவுல அவருக்குச் சாம்பியன் போட்டிக்கு இடம் கிடைச்சது. எங்கய்யா கத்துக்கிட்டேன்னு கேட்டா, சின்ன வயசுல வீடியோ கேம்ல பண்ணதுன்னு சொன்னார். இனிமே இப்படிச் செஞ்சா தண்டனைன்னு அடுத்த வருஷம் நாஸ்கார் சொல்லிடுச்சு. அந்த வீடியோவை மட்டும் நாப்பது தடவையாவது பார்த்திருப்பேன்.

2023-ல கம்பெனி என்னை வட கரோலினாவுல சார்லட்டுக்கு அனுப்பிச்சது. வங்கிகளோட ஊரு, நமக்கு ஆணி நிறைய. வாடகை கம்மின்னு பக்கத்து ஊரான கான்கார்ட்ல வீடு பார்த்தோம், நானும் ரூம்மேட்டும். குடிவந்த பிறகுதான் தெரிஞ்சது, சார்லட் மோட்டார் ஸ்பீட்வே ரெண்டு மைல் தூரம்னு. பந்தய நாள்ல ஜன்னல் கண்ணாடி லேசா அதிரும்.

பக்கத்து வீட்ல ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டினவர், தனியா இருக்கார். பேர் சொல்லிக் கூப்பிடுன்னார். நமக்கு வாய் வருமா? 'சார்'னுதான் கூப்பிடறேன். தென்பகுதியில சின்னவங்க பெரியவங்களை அப்படிக் கூப்பிடறது வழக்கம்தானாம், அவருக்கு ரொம்ப சந்தோஷம். அவர் என்னை 'சன்'னு கூப்பிடுவார். அதை இங்க தம்பின்னே எழுதிக்கிறேன்.

அவர் கன்னாப்பொலிஸ்காரர். கான்கார்டை ஒட்டின மில் ஊர். துண்டு, படுக்கை விரிப்பு நெய்யுற பெரிய மில்லு. அதுல முப்பது வருஷத்துக்கு மேல வேலை. எங்க தாத்தா சிங்காநல்லூர்ப் பக்கம் மில்லுல வேலை பார்த்தவருன்னு நான் சொன்ன அன்னிக்குத்தான் எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு ஓட ஆரம்பிச்சது. ஷிஃப்ட் சங்கு, காதுக்குள்ள போற பஞ்சு, வீட்டுக்கு வந்தும் சத்தமாவே பேசற பழக்கம்... எல்லாம் ஒண்ணுதான். தாத்தா மில்லை மெதுமெதுவா மூடினாங்க. இவரோட மில்லு 2003 ஜூலையில ஒரே நாள்ல போச்சு. அந்தப் பகுதியில மட்டும் 4,000 பேருக்கு மேல வேலை போச்சு.

டேல் எர்ன்ஹார்ட் அந்த ஊர்க்காரர். கறுப்பு வண்டி, மூணாம் நம்பர், ஏழு தடவை சாம்பியன். அவரோட அப்பா ரால்ஃபும் மில்லுல வேலை பார்த்துக்கிட்டே பந்தயம் ஓட்டினவர். "எங்க தெருவுல ஒருத்தன் ஜெயிச்சா மாதிரி" அப்படிம்பார் பெரியவர். 2001 பிப்ரவரி 18, டேடோனா 500 பந்தயத்தோட கடைசிச் சுத்துல எர்ன்ஹார்ட் சுவத்துல மோதி இறந்துட்டார். அன்னிக்கு டிவியை அணைச்சுட்டு வாசல்லயே விடிய விடிய உக்காந்திருந்ததா சொன்னார்.

இதுல ஒரு விநோதம் பாருங்க. நாஸ்கார் நாடு முழுக்கப் பரவுனதே 1979-ல அதே பிப்ரவரி 18-ல நடந்த டேடோனா 500-னாலதான். முதல் தடவையா முழுப் பந்தயத்தையும் நேரலையா காட்டினாங்க. கிழக்குப் பக்கம் பனி கொட்டி ஜனங்க வீட்டை விட்டு வெளியில வர முடியல. கடைசிச் சுத்துல முன்னாடி போன ரெண்டு பேர் மோதிக்கிட்டாங்க, பின்னாடி வந்த ரிச்சர்ட் பெட்டி ஜெயிச்சார். தோத்தவங்க புல்வெளியில இறங்கி அடிச்சுக்கிட்டாங்க. அதைப் பார்த்துட்டு யார் விடுவா?

அங்கேருந்து ஏறுமுகம்தான். பிரிஸ்டல்ல 1982-ல இருந்து 2010 வரைக்கும் 55 பந்தயங்களுக்குத் தொடர்ந்து எல்லா டிக்கெட்டும் வித்துப் போச்சு. லட்சத்துக்கு மேல உக்கார்ற இடம், மக்களே! 2006 டேடோனா 500-ஐ டிவியில பார்த்தவங்க 1.9 கோடிக்கு மேல. 2025-ல அதே பந்தயத்துக்கு 70 லட்சத்துக்கும் குறைவு. அன்னிக்கு மழை வேற குறுக்கிட்டுச்சு, ஒத்துக்கறேன். அதுக்காக ஒரு கோடி பேரையா மழை அடிச்சுட்டுப் போகும்?

எப்படி இறங்குச்சு? ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க. 2008 பொருளாதாரச் சரிவு, பெட்ரோல் விலை, டிவி பார்க்கிற பழக்கமே மாறிப்போனது, ஜெஃப் கார்டன், டோனி ஸ்டூவர்ட், டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர்னு பெரிய தலைங்க 2015, 2016, 2017-ல வரிசையா முழுநேர ஓட்டத்தை விட்டது. எல்லாம் சரிதான். பெரியவர் சொல்ற காரணம் வேற. "எங்களைத் தவிர மத்த எல்லாருக்கும் புடிக்கணும்னு நெனச்சாங்க தம்பி."

கேட்டப்ப, வயசானவங்க புலம்பல்னுதான் நெனச்சேன். அப்புறம் ஒரு ராத்திரி உக்காந்து வருஷவாரியா எழுதிப் பார்த்தேன். (நமக்கு எதையும் பட்டியல் போட்டாத்தான் புரியும்.)

நார்த் வில்க்ஸ்பரோ: சாராயம் காய்ச்சின மலையடிவார ஊரு, ஆரம்ப காலத்துத் தடம். 1996-ல மூடி, அதோட தேதிகளை டெக்சாசுக்கும் நியூ ஹாம்ஷயருக்கும் கொடுத்தாங்க. ராக்கிங்ஹாம்: 2004-ல கடைசிக் கப் பந்தயம். டார்லிங்டன்: தொழிலாளர் தின வாரம்னா சதர்ன் 500-ன்னு அரை நூற்றாண்டுப் பழக்கம். 2004-ல அந்த வாரத்தைத் தூக்கி கலிஃபோர்னியாவுக்குக் கொடுத்தாங்க. 2015-லதான் டார்லிங்டனுக்கு அது திரும்பி வந்துச்சு. அந்த கலிஃபோர்னியா தடத்துல 2023-ல கடைசிப் பந்தயம் நடத்திட்டு இடிச்சுட்டாங்க. இதை என்னன்னு சொல்றது?

அடுத்தது சாம்பியன் கணக்கு. 2003-ல மேட் கென்செத் ஒரே ஒரு பந்தயம் ஜெயிச்சு, வருஷம் முழுக்க ஒழுங்கா ஓடி, புள்ளியில சாம்பியன் ஆனார். சுவாரசியமே இல்லையேன்னு 2004-ல கடைசிப் பத்துப் பந்தயத்துக்குப் புள்ளியைச் சரிக்கட்டி 'சேஸ்'னு ஆரம்பிச்சாங்க. 2014-ல இன்னும் ஒரு படி மேல போய், மூணு மூணு பந்தயத்துக்கு ஒருமுறை ஆளைக் கழிச்சு, கடைசி நாள்ல நாலு பேர், அதுல முன்னாடி வர்றவர் சாம்பியன்னு ஆக்கினாங்க. 2017-ல ஒவ்வொரு பந்தயத்தையும் கட்டம் கட்டமா வெட்டி நடுநடுவுல புள்ளி. பத்தாம் வகுப்புப் பையனை முழுப் பரீட்சைக்கு உக்கார வைக்காம தினம் ஒரு சின்ன டெஸ்ட் வைக்கிற மாதிரி.

அப்புறம் வண்டி. 2007-ல 'நாளைய கார்'னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. பாதுகாப்பு ஜாஸ்தி, எல்லா கம்பெனி வண்டியும் ஒரே அச்சு. பிரிஸ்டல்ல முதல் தடவை ஓட்டி ஜெயிச்ச கைல் புஷ்ஷே வண்டியைத் திட்டினார்! 2022-ல வந்த புது வண்டிக்கு முக்கியமான பாகங்களை எல்லா அணியும் ஒரே இடத்துல வாங்கணும். பெரிய தடங்கள்ல அது நல்லா ஓடுது. ஆனா சின்னத் தடங்கள்ல முன்னாடி போற வண்டியை முந்துறதுக்குள்ள தாவு தீருது. நாஸ்காரோட உயிரே சின்னத் தடம்தான்.

நியாயமாவும் ஒண்ணு சொல்லணும். எல்லா மாத்தமும் கெட்டதில்ல. எர்ன்ஹார்ட் இறந்ததுக்கு அப்புறம் கழுத்துக்குப் பட்டை கட்டாயம், சுவத்துக்கு மோதலைத் தாங்கிக்கிற தடுப்பு, பத்திரமான வண்டின்னு வரிசையா செஞ்சாங்க. அதுக்கப்புறம் கப் தொடர்ல ஒரு ஓட்டுநரும் பந்தயத்துல சாகல. "அதுக்காக நாளைய காரையே மன்னிச்சுட்டேன்"னார் பெரியவர்.

பட்டியல் போட்டு முடிச்சதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா இந்த மாத்தம் பாதி யாருக்காகச் செஞ்சாங்க? தென்பகுதி ஆள் இல்லாத, மில்லு தெரியாத, நாலு மணி நேரம் ஒரே இடத்துல உக்கார மாட்டேங்கிற, போன்ல ஒரு நிமிஷ வீடியோ பார்த்துட்டு வர்ற சின்ன வயசு ஆளுக்காக. அதாவது எனக்காக!

இன்னொண்ணையும் ஒத்துக்கணும். நானும் இதே வேலையைச் செஞ்சவன். முன்னாடி இருந்த ப்ராஜெக்ட்ல ஒரு வங்கியோட செயலிக்கு முகப்பை மாத்தினோம். பழைய முகப்புல எல்லாக் கணக்கும் ஒரே பக்கத்துல நெருக்கமா இருக்கும். புதுசா வர்றவங்களுக்குக் குழப்பமா இருக்குன்னு கூட்டத்துல சொன்னதே நான்தான். எடுத்துட்டோம், பார்க்க அம்சமா இருந்துச்சு. எதிர்பார்த்த புது ஆளுங்க வரல. பத்து வருஷமா பயன்படுத்தினவங்க போன் போட்டு, என் பென்ஷன் வரவு எங்கப்பான்னு கேட்டாங்க. அதுக்கு இன்னொரு பட்டன் வெச்சோம், அந்தப் பட்டன் குழப்புதுன்னு ஒரு விளக்கக் குறிப்பு வெச்சோம். எங்க தப்பு பண்ணோம்னு மட்டும் கடைசி வரைக்கும் யாரும் கேட்கல, நான் உட்பட.

இப்போ போன வருஷம் மே மாசத்துக்கு வர்றேன். 2025 மே 25, ஞாயித்துக்கிழமை சாயங்காலம். கோகோ கோலா 600. எங்க ஊருத் தடத்துல நடக்கிற பெரிய பந்தயம். 400 சுத்து, 600 மைல், நாஸ்கார்லயே நீளமானது. கதவைத் தட்டற சத்தம். பெரியவர் நிக்கறார், கையில ரிமோட்.

"டிவியில ரேஸ் வரல தம்பி. எல்லா சேனலும் பார்த்துட்டேன்."

வராது. அந்த வருஷத்துல இருந்து அஞ்சு பந்தயம் அமேசான் பிரைம்ல மட்டும்தான், அதுல முதல் பந்தயமே இதுதான். இதை எப்படி அவருக்குச் சொல்றது? ரெண்டு மைல் தூரத்துல, அவர் காது கேக்க நடக்கிற பந்தயம். அதைப் பார்க்க அவர்கிட்ட ஒரு கடவுச்சொல் இல்ல.

"உள்ள வாங்க சார்"னேன்.

அம்மா அனுப்பின முறுக்கு இருந்துச்சு. சோபாவுல உக்காந்தார். அப்பதான் ஒரு கூத்தைக் கவனிச்சோம். இணையத்துல வர்ற படம் தாமதமா வருது. ஜன்னல் வழியா வர்ற சத்தம் அதுக்கு முன்னாடியே வந்துடுது. மஞ்சள் கொடி காட்டினா வெளியில உறுமல் தணிஞ்சுடும், டிவியில இன்னும் முழு வேகத்துல ஓடிக்கிட்டு இருப்பாங்க. "யாரோ மோதிட்டான்"பார். கொஞ்ச நேரத்துல திரையில மோதுவான். ஜோசியம் பார்க்கிற மாதிரி இருந்துச்சு.

அந்த நாலு மணி நேரத்துல அவர் நிறைய பேசினார், நடுநடுவுல பேசாமயும் இருந்தார். பின்பக்க நேர்ப்பாதையில ஒரு பெரிய கேலரி இருந்துச்சாம். விலை கம்மி, மில் ஆளுங்க அங்கதான் உக்காருவாங்க. அவரும் அவர் மனைவியும் வருஷா வருஷம் அதே ரெண்டு இருக்கை. 2012-ல அந்தம்மா இறந்துட்டாங்க. அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் ரெண்டு டிக்கெட் வாங்கி, பக்கத்து இருக்கையில தொப்பியை வெச்சுட்டுப் பார்த்திருக்கார். கூட்டம் குறைஞ்சுதுன்னு 2014-ல அந்தப் பக்கத்து இருக்கைகளை எடுக்க ஆரம்பிச்சாங்க, 41,000 இருக்கை. வேற இடம் தர்றோம்னு இவருக்கும் சொன்னாங்களாம். இவர் போகல.

"இடம் கொடுத்தாங்க தம்பி. ஆனா அது எங்க இடம் இல்லியே."

பாதிப் பந்தயத்துல எல்லா வண்டியையும் நிறுத்தி, போர்ல இறந்தவங்களுக்காக மௌனம். வெளியில சத்தம் நின்ன உடனேயே அவர் எழுந்து நெஞ்சுல கை வெச்சு நின்னுட்டார். டிவியில வண்டிங்க இன்னும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நானும் முறுக்கைக் கீழ வெச்சுட்டு நின்னேன்.

அன்னிக்கு 283 சுத்து வில்லியம் பைரன்தான் முன்னாடி. சரி, இவர்தான்னு முடிவே பண்ணிட்டேன். ஆறு சுத்து பாக்கி இருக்கறப்ப ஒரு வண்டி அவரைத் தாண்டுச்சு. யாருன்னு பார்த்தா... ராஸ் சாஸ்டெய்ன்! நான் சென்னையில நாப்பது தடவை பார்த்த அதே ஆள். பயிற்சியில வண்டி நொறுங்கி, ராத்திரியோட ராத்திரியா மாத்து வண்டி தயார் பண்ணி, நாப்பதாவது இடத்துல, கடைசி ஆளா கிளம்பினவர். ஒரு சுவர் வித்தையும் இல்ல. ஒவ்வொரு வண்டியா நாலு மணி நேரம் தாண்டி வந்திருக்கார்.

திடீர்னு வெளியில உறுமல் இறங்கிடுச்சு. டிவியில இன்னும் ஒரு சுத்து பாக்கி. பெரியவர் என்னைப் பார்த்து உதட்டுல விரல் வெச்சார், சொல்லிடாதேங்கிற மாதிரி. முடிவு ரெண்டு பேருக்கும் தெரியாது, முடிஞ்சுடுச்சுன்னு மட்டும் தெரியும். அந்த முப்பது செகண்டு நான் மூச்சு விட்டேனான்னு தெரியல.

ஜெயிச்ச உடனே சாஸ்டெய்ன் வழக்கம் போல ஒரு தர்பூசணியைத் தூக்கித் தரையில போட்டு உடைச்சார். அவர் தர்பூசணி விவசாயக் குடும்பம். பெரியவர் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சார். "நல்லாத்தான் காட்டறான் உன் பிரைமு"ன்னு அவர் வாயாலயே சொன்னார்.

அன்னிக்கு ராத்திரி எனக்கு ஒண்ணு புரிஞ்சது. ஒரு நிமிஷ வீடியோ என்னைக் கூட்டிட்டு வந்துச்சு, உண்மைதான். ஆனா என்னைப் பிடிச்சு வெச்சது அது இல்ல. மெதுவா, சலிப்பா, நாலு மணி நேரம் நீண்டு, கடைசியில மொத்தமும் ஒரு அர்த்தத்துக்கு வர்ற பழைய சமாச்சாரம்தான். எனக்குப் பிடிக்காதுன்னு எனக்காக அவங்க வெட்டி எறிஞ்சது எதுவோ அது. அதை எனக்குக் காட்டிக் கொடுக்க, அதைப் பார்த்த ஆள் ஒருத்தர் பக்கத்துல வேண்டியிருந்துச்சு. அந்த ஆளுங்களைத்தான் முதல்ல வெளியில அனுப்பினாங்க.

நவம்பர்ல ஃபீனிக்ஸ்ல கடைசிப் பந்தயம். டென்னி ஹாம்லின், 60 வெற்றி, ஒரு பட்டமும் இல்லாதவர், அன்னிக்கு 208 சுத்து முன்னாடி ஓடினார். மூணு சுத்து இருக்கறப்ப மஞ்சள் கொடி. அவர் நாலு டயர் மாத்தினார், கைல் லார்சன் ரெண்டு. லார்சன் அந்தப் பந்தயத்துல ஒரு சுத்து கூட முதல்ல ஓடல, ஆனா சாம்பியன். லார்சன் மேல தப்பே இல்ல, விதி அப்படி. பெரியவர் என் வீட்டு சோபாவுல தொப்பியைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு, "முப்பத்தாறு பந்தயம் எதுக்கு ஓடினாங்க?"ன்னு மட்டும் கேட்டார்.

2026 ஜனவரியில நாஸ்கார் அந்தக் கழிச்சுக்கட்டற முறையை விட்டுட்டு, பத்துப் பந்தயச் சேஸுக்கே திரும்பறதா அறிவிச்சது. ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சிரிச்சார். "2004-ல நாங்க வேணாம்னு கத்தினது அதைத்தானே தம்பி!" முழு வருஷப் புள்ளி வேணும்னுதான் இவரை மாதிரி பழைய ஆளுங்க நிறைய பேர் கேட்டாங்க. கிடைச்சது, இடையில போட்ட ஒட்டு. இருந்தாலும் கேட்டாங்களே, அது வரைக்கும் பரவாயில்லன்னார்.

2018-ல இருந்து இலையுதிர்கால சார்லட் பந்தயத்தைத் தடத்துக்குள்ள வளைவெல்லாம் போட்டுச் சாலைத் தடமா நடத்தினாங்க. 2026 அட்டவணையில அது மறுபடி முழு நீள்வட்டம். அதையும் சொல்லி, தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "போலாமா சார்? நான் டிக்கெட் எடுக்கறேன்."

ரொம்ப நேரம் பேசல. தோட்டத்துக் குழாயை மூடினார். அப்புறம் சொன்னார்:

"ரெண்டு எடு. முன்பக்கத்துல, உயரமா எடு. எதிர்ல பார்த்தா எங்க இடம் தெரியணும்."

அங்க இப்போ ஒண்ணும் இல்ல சார்னு சொல்ல வாய் வந்துச்சு. சொல்லல.

பி.கு: முறுக்குக்கு அம்மாகிட்ட இப்பவே சொல்லி வெச்சாச்சு. ரெண்டு டப்பா :-)